நாஸ் நிரம்பிவிட்டதா? இடத்தைக் கூட்டும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலோ சின்ன அலுவலகத்திலோ நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாக எல்லோரும் ஃபைல் சேமிக்கும் டிஸ்க் பெட்டி) வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு நாள் அந்த மின்னஞ்சல் வரும்: வால்யூமில், அதாவது ஃபைல்களை வைக்கும் பகுதியில், இடம் குறைவாக இருக்கிறது. உடனே பெரிய டிஸ்க் என்ன விலை என்று தேடுவோம். விலையைவிட முக்கியமான கேள்விகள் நிறைய இருக்கின்றன. நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டியை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். நான்கு ஸ்லாட் உள்ள ஒரு சினாலஜி நிறுவனப் பெட்டி, நான்கிலும் 4 டிபி டிஸ்க், ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும்படி டிஸ்குகளைச் சேர்த்து இயக்கும், அந்த நிறுவனத்தின் எஸ்எச்ஆர் அமைப்பு. என் வீட்டில் இருந்ததும் இதுதான். வேறு பெட்டிகளில் எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

புது டிஸ்க் வாங்கியே ஆக வேண்டுமா?

பாதிப் பேருக்கு உடனே வேண்டியதில்லை. முதலில் பகிர்வு ஃபோல்டர்களின் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். கணினியில் அழித்தால் குப்பைத்தொட்டிக்குப் போவதுபோல நாஸிலும் ஒவ்வொரு பகிர்வு ஃபோல்டருக்கும் தனித் தொட்டி உண்டு. அதைத் தானாகக் காலி செய்ய நாம் நேரம் குறித்து வைத்தால்தான் காலியாகும். மூன்று வருடம் முன்பு அழித்த கல்யாண வீடியோ அங்கே பத்திரமாகக் கிடக்கும்.

அடுத்தது ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலையைப் பிடித்துவைப்பது. இதில்தான் பலர் குழம்புகிறார்கள். "300 ஜிபி அழித்தேன், ஒரு ஜிபி கூடக் கூடவில்லை" என்பார்கள். அழித்த ஃபைலை ஒரு பழைய ஸ்னாப்ஷாட் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த ஸ்னாப்ஷாட் காலாவதி ஆகும்வரை, அல்லது நீங்களே நீக்கும்வரை, இடம் திரும்பி வராது. ஃபைல்களின் பழைய பதிப்புகளைச் சேர்த்துவைக்கும் செயலிகளும் அப்படித்தான். கேமரா பதிவு ஓடுகிறதென்றால் எத்தனை நாள் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். வாசல் கேமராவின் 90 நாள் பதிவை யாரும் உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை.

மொத்தம் 16 டிபிக்கு டிஸ்க் போட்டிருக்கிறேன், பெட்டி 10.9 தான் காட்டுகிறது. மீதி எங்கே?

இரண்டு கழிவுகள். நான்கு டிஸ்கில் ஒரு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போய்விடும். ஆக 12 டிபி. அப்புறம் அளவுகோல். டிஸ்க் செய்பவர்கள் ஒரு டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். பெட்டியோ 1024-இன் மடங்குகளில் கணக்கிடுகிறது. அதனால் 4 டிபி டிஸ்க் 3.64 ஆகத் தெரியும், 8 டிபி 7.28 ஆகத் தெரியும், நம் 12 டிபி 10.9 ஆகத் தெரியும். யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் புது டிஸ்குக்குத் திட்டமிடும்போது இந்த ஒன்பது சதவீதத்தைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

எவ்வளவு நிரம்பினால் கவலைப்பட வேண்டும்?

80 சதவீதத்தில் யோசிக்கத் தொடங்குங்கள், 90-க்குள் வேலையை முடித்துவிடுங்கள். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்கள் பழையதன் மேலேயே எழுதாமல் புது இடத்தில் எழுதிவிட்டுத்தான் பழையதை விடுவிக்கும். காலி இடம் இல்லாவிட்டால் அவற்றுக்கு மூச்சு முட்டும். முழுக்க நிரம்பிய பிடிஆர்எஃப்எஸ் வால்யூமில் அழிப்பதற்கே இடம் போதாமல் திண்டாட நேரும்.

இடத்தைக் கூட்ட என்னென்ன வழி?

காலி ஸ்லாட் இருந்தால் அதில் ஒரு டிஸ்க் சேர்ப்பதுதான் சுலபம். பழைய டிஸ்க் எதையும் தொட வேண்டியதில்லை. அதனால்தான் நாஸ் வாங்கும்போது, இன்றைய தேவைக்கு இரண்டு டிஸ்க் போதும் என்றாலும், நான்கு ஸ்லாட் பெட்டி வாங்கச் சொல்வேன். ஸ்லாட் எல்லாம் நிரம்பியிருந்தால் ஒவ்வொன்றாகப் பெரிய டிஸ்க் மாற்ற வேண்டும். கூடுதல் ஸ்லாட் பெட்டி இணைப்பது மூன்றாவது வழி. புது நாஸ் வாங்கி எல்லாவற்றையும் அங்கே குடிபெயர்ப்பது நான்காவது. பழைய நாஸ் ஏழெட்டு வருடம் ஆகிவிட்டதென்றால் நான்காவதே நல்லது. பழையது அப்படியே பேக்கப் பெட்டியாகிவிடும்.

எஸ்எஸ்டி கேஷ் போட்டால் இடம் கூடுமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. அது வேகத்துக்கு.

ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் என்கிறீர்கள். பிறகு எதற்குத் தனியாகப் பேக்கப்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

டிஸ்க் மாற்றுவது என்றால் என்ன? நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டிஸ்கை நாமே வேண்டுமென்று பிடுங்குகிறோம். அந்த நொடியில் பெட்டியின் 'ஒன்று போனாலும் தாங்கும்' சலுகை தீர்ந்துவிடுகிறது. புது டிஸ்கில் எழுதி முடிக்கும்வரை மற்ற மூன்றும் ஒரு பிழைகூடச் செய்யாமல் இருக்க வேண்டும். அதுவும் எப்போது? அவை மூன்றும் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை இடைவிடாமல் படிக்கப்படும்போது. வருடக் கணக்கில் சும்மா கிடந்த ஓரங்களையெல்லாம் அன்றைக்குத்தான் தொடுவோம். நான்கு டிஸ்க் மாற்றினால் இந்தக் கண்டத்தை நான்கு முறை கடக்க வேண்டும். நாஸின் வாழ்நாளில் மிக ஆபத்தான வாரம் எது என்று கேட்டால், இடத்தைக் கூட்டும் வாரம்தான்.

இன்னொன்றும் உண்டு. நான்கு டிஸ்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியிருப்போம். ஒரே வயது, ஒரே தயாரிப்பு, ஒரே வெக்கை. ஒன்றுக்கு வயதாகிவிட்டால் மற்றவற்றுக்கும் ஆகியிருக்கும்.

எஸ்எச்ஆருக்கு அடிப்படையான ரெய்டு என்ற யோசனையே 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்ஸன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் பிரபலமானது. மலிவான சின்ன டிஸ்குகளைச் சேர்த்துப் பெரிய டிஸ்கின் வேலையை வாங்குவது, ஒன்று போனாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வது. வேலை நிற்காமல் இருப்பதும் ஃபைல் பிழைப்பதும் வேறு வேறு. தவறி அழித்தாலும் வைரஸ் பூட்டினாலும் ரெய்டு அந்த அழிவை எல்லா டிஸ்கிலும் ஒழுங்காக எழுதிவைக்கும்.

12 டிபி முழுவதையும் பேக்கப் எடுக்க இன்னொரு பெட்டி இல்லையே என்றால், எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை. பதிவிறக்கம் செய்த படங்கள் போனால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். குழந்தையின் முதல் வருடப் புகைப்படங்கள், வீட்டுப் பத்திரங்கள், அலுவலகக் கணக்கு இவை போனால் போனதுதான். இவற்றை ஒரு யுஎஸ்பி டிஸ்கில் எடுத்து, அதிலிருந்து நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, பிறகு ஸ்க்ரூடிரைவரைத் தேடுங்கள்.

இந்த மாதம் ஒரே ஒரு 8 டிபி டிஸ்க் வாங்க முடியும். போட்டால் 4 டிபி கூடுமா?

கூடாது. ஒரு பைட்கூடக் கூடாது. புது டிஸ்கில் மிகுதியாக இருக்கும் 4 டிபிக்கு ஜோடி வேண்டும். அங்கே எழுதுவதன் நகலை வேறொரு டிஸ்கில் வைத்தால்தான் பாதுகாப்பு. மற்ற மூன்றிலும் அதற்கு இடம் இல்லை. அதனால் அந்த 4 டிபி சும்மா கிடக்கும்.

நம் பெட்டியில் படிப்படியாக நடப்பது இது. இப்போது 12 டிபி. முதல் 8 டிபி டிஸ்க் போட்டால் 12 தான். இரண்டாவது போட்டதும் 16 ஆகும். மூன்றாவதில் 20, நான்காவதில் 24. ஆக, இரண்டாகவே வாங்குங்கள். இரண்டு 8 டிபி, இரண்டு 4 டிபி என்று கலந்து பல வருடம் ஓட்டலாம், எஸ்எச்ஆருக்கு அது சம்மதம். உள்ளே அது லினக்ஸின் சாதாரண ரெய்டுகளையே துண்டு துண்டாகக் கட்டி ஒன்றாக ஒட்டுகிறது. முதல் 4 டிபி பகுதிகள் நான்கும் சேர்ந்து ஒரு ரெய்டு 5 (ஒரு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போகும் முறை), மிஞ்சிய இரண்டு 4 டிபி பகுதிகளும் சேர்ந்து ஒரு ரெய்டு 1 (ஒன்றின் நகல் மற்றதில் இருக்கும் முறை).

இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் எஸ்எச்ஆர்-2 என்றால் கூடுதல் இடம் கண்ணில் பட நான்கு பெரிய டிஸ்காவது வேண்டும்.

என்னுடையது எஸ்எச்ஆர் இல்லை, ரெய்டு 5.

அப்படியானால் கடைசிச் சின்ன டிஸ்க் வெளியே போகும்வரை எதுவும் கூடாது. எல்லா டிஸ்கையும் மிகச் சிறிய டிஸ்கின் அளவாகவே ரெய்டு 5 பார்க்கும். 8, 8, 8, 4 என்று போட்டாலும் 12 தான். நான்கையும் சேர்த்து வாங்கக் காசு தயாராகும்வரை தொடாமல் இருங்கள். கியூநேப் என்ற இன்னொரு நிறுவனத்தின் பெட்டிகளில் கியூடிஎஸ் என்ற இயங்குதளம் ஓடுகிறதென்றால் இதே கதை. கியூயுடிஎஸ் ஹீரோ ஓடுகிறதென்றால் உள்ளே இருப்பது இசட்எஃப்எஸ், கீழே அதற்குத் தனிப் பதில் இருக்கிறது.

ரெய்டு 1 வைத்திருக்கும் பெட்டியில் மூன்றாவது ஸ்லாட் காலியாக இருந்தால் ஒரு டிஸ்க் சேர்த்து ரெய்டு 5 ஆக மாற்றிக்கொள்ள சினாலஜியில் வழி உண்டு. ரெய்டு 5-ஐ எஸ்எச்ஆர் ஆக்க மட்டும் வழி இல்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பூலை, அதாவது டிஸ்குகள் சேர்ந்த மொத்தத் தொகுப்பை, அழித்து, புதிதாகக் கட்டி, திரும்பப் போட வேண்டும்.

எந்த டிஸ்க் வாங்குவது?

நாஸுக்கென்று விற்கும் டிஸ்க், சிஎம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாதது). இந்த இரண்டாவது சொல் முக்கியம். எஸ்எம்ஆர் என்று இன்னொரு வகை உண்டு. கூரையில் ஓடு அடுக்குவதுபோல ஒரு தடத்தின் ஓரத்தை அடுத்த தடம் மூடியிருக்கும். இடம் மிச்சம், விலை குறைவு. ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன் மேல் படிந்திருக்கும் ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா? நாள் முழுக்க விடாமல் எழுதும் ரெய்டு வேலையில் அந்த டிஸ்க் திணறும். பதில் சொல்ல நேரமாகிறதே என்று பெட்டி அதைப் 'போன டிஸ்க்' கணக்கில் சேர்த்து வெளியே தள்ளிவிடவும் கூடும்.

இது ஏட்டுப் பயம் இல்லை. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில டிஸ்குகள் எஸ்எம்ஆர்தான் என்று 2020 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. அதுவரை நாஸ் டிஸ்க் என்று நம்பித்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்த நிறுவனத்தில் ரெட் பிளஸ், ரெட் புரோ என்று வாங்கினால் சிஎம்ஆர். சீகேட்டில் அயர்ன்வுல்ஃப்.

சினாலஜியில் இன்னொரு சிக்கல் இருந்தது. 2025 பிளஸ் வரிசைப் பெட்டிகளில் தன் பட்டியலில் உள்ள டிஸ்கைத்தான் ஏற்போம் என்று அந்த நிறுவனம் 2025 ஏப்ரலில் சொல்ல, வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். அக்டோபரில் வந்த டிஎஸ்எம் 7.3 என்ற இயங்குதளப் பதிப்பில் ஹார்டு டிஸ்குகளுக்கு அந்தக் கெடுபிடியைத் தளர்த்தினார்கள். அந்த வரிசைப் பெட்டி உங்களிடம் இருந்தால் டிஸ்க் வாங்கும் முன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

விலை ரொம்பக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்குகளைக் கணக்கை அழித்துப் புதிது என்று விற்றது வெளியே வந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைக் குறித்துவைக்கும் வழக்கமான ஸ்மார்ட் பட்டியலில் இயக்க மணி பூஜ்யம், ஆனால் டிஸ்கின் உள்ளே இருக்கும் ஃபார்ம் என்ற இன்னொரு பதிவேடு உண்மையைச் சொல்லிவிட்டது. எனக்கு வந்த ஒன்றில் கணக்கை அழிக்கும் சிரமம்கூட எடுக்கவில்லை. புதிது என்று சொன்ன டிஸ்கில் 11 ஆயிரம் மணி நேரம் காட்டியது. பில் இருந்ததால் திருப்ப முடிந்தது. டிஸ்கின் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, உத்தரவாதம் நம் நாட்டில் செல்லுமா என்று பெட்டியைப் பிரிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

சரி, எல்லாம் வாங்கியாயிற்று. எப்படி மாற்றுவது?

அவசரப்படாமல். முதல் நாள் மாற்றவே வேண்டாம். பழைய டிஸ்குகளுக்கு டேட்டா ஸ்க்ரப்பிங் ஓடவிடுங்கள். பூல் முழுவதையும் படித்து, சரிபார்த்து, கெட்டுப்போன இடங்களைத் திருத்தும் வேலை அது. பாதுகாப்பு முழுமையாக இருக்கும்போதே ஒளிந்திருக்கும் கோளாறுகள் வெளியே வரட்டும். அதோடு ஒவ்வொரு டிஸ்கின் ஸ்மார்ட் விவரத்தையும் பாருங்கள். ஏதாவது ஒன்றில் மாற்றப்பட்ட செக்டர் (கெட்டுப்போய் வேறு இடம் ஒதுக்கப்பட்ட துண்டு), காத்திருக்கும் செக்டர் (கெட்டதோ என்று சந்தேகத்தில் இருக்கும் துண்டு) எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் முதலில் வெளியேற வேண்டியது அதுதான்.

புது டிஸ்கையும் சோதிக்க வேண்டும். ஒரு யுஎஸ்பி டாக்கில் மாட்டி கணினியில் நீண்ட ஸ்மார்ட் சோதனை ஓட்டுங்கள். 8 டிபிக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். ஆகட்டும். டிஸ்குகள் பிறந்தவுடன் சாகும், இல்லாவிட்டால் வயதாகிச் சாகும். பிறந்தவுடன் சாகக்கூடியதை மேஜை மேலேயே சாகவிடுவது உத்தமம்.

அப்புறம் வரிசை எண்கள். சினாலஜியின் ஸ்டோரேஜ் மேனேஜர் செயலியில் எந்த ஸ்லாட்டில் எந்த எண் என்று பார்த்து, கடைசி நான்கு இலக்கத்தை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி ட்ரேயின் முகப்பில் ஒட்டுங்கள். ஸ்லாட்டை இடமிருந்து எண்ணுவதா வலமிருந்தா என்ற குழப்பத்தில் நான் ஒரு முறை மூன்றாவதற்குப் பதில் இரண்டாவதை உருவினேன். ஏற்கனவே ஒன்று வெளியே இருந்தது. பூல் அந்த நொடியே நின்றுபோனது. அன்றைக்கு அதைத் திரும்ப எழுப்ப முடிந்தது திறமையால் இல்லை.

இப்போது மாற்றலாம். ஸ்டோரேஜ் மேனேஜரில் அந்த டிஸ்கைச் செயலிழக்கச் செய்யுங்கள். ஒப்புக்கொண்டு சத்தம் போடும், பீப் ஒலியை அங்கேயே நிறுத்தலாம். ட்ரேயை உருவி, பத்து விநாடி பொறுத்து, சுழற்சி நின்றபின் டிஸ்கைக் கழற்றி, புதியதைப் போட்டுச் செருகுங்கள். பெட்டி அணையாமலே மாற்ற வசதி இருந்தால் அணைக்க வேண்டியதில்லை. சில சின்ன மாடல்களில் மூடியைக் கழற்றித்தான் டிஸ்கைத் தொட முடியும், அவற்றை அணைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். பிறகு பூலைத் தேர்ந்து 'ரிப்பேர்' கொடுங்கள். முடிந்து பச்சை எழுத்தில் 'ஹெல்தி' என்று வரும்வரை அடுத்த டிஸ்கைத் தொடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்க நினைப்பவர்கள்தான் இங்கே வழுக்குகிறார்கள்.

காலி ஸ்லாட் ஒன்று உங்களுக்கு இருந்தால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. புது டிஸ்கை அங்கே செருகிவிட்டு, டிஎஸ்எம் 7-இல் வந்த 'டிரைவை மாற்று' வசதியைக் கொடுத்தால், பழையதை வெளியே எடுக்கும் முன்பே அதன் நகல் புதியதில் ஏறிவிடும். பாதுகாப்பு ஒரு நொடியும் குறையாது.

எவ்வளவு நேரம் ஆகும்?

கணக்குப் போடுவது சுலபம். விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் 4 டிபி எழுத ஏழரை மணி நேரம், 8 டிபிக்குக் கிட்டத்தட்ட 15 மணி நேரம். ஆனால் டிஸ்கின் உள்வட்டத்துக்குப் போகப் போக வேகம் பாதியாகும். நடுவில் யாராவது படம் பார்த்தால் இன்னும் குறையும். எஸ்எச்ஆரில் முதல் டிஸ்க் சீக்கிரம் முடியும், 4 டிபி பகுதியை மட்டும் நிரப்பினால் போதும். இரண்டாவதிலிருந்து புதுப் பகுதிகளையும் கட்ட வேண்டும். மூன்றாவதில் ரெய்டு 1 ஆக இருந்த மேல்பகுதியை ரெய்டு 5 ஆக மாற்றி அடுக்க வேண்டும், அது இன்னும் இழுக்கும். ஒரு டிஸ்குக்கு ஒன்றிரண்டு நாள், மொத்தம் ஒரு வாரம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ரீசிங்க், அதாவது இந்தத் திரும்ப எழுதும் வேலையின், வேகத்தைக் கூட்டும் அமைப்பு ஸ்டோரேஜ் மேனேஜரிலேயே இருக்கிறது. யாரும் பயன்படுத்தாத இரவில் கூட்டிவிடலாம்.

அக்னி நட்சத்திர நாட்களில், ஏசி இல்லாத மாடி அறையில் இதைச் செய்யாதீர்கள். பெரும்பாலான டிஸ்குகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச வரம்பு 60 அல்லது 65 டிகிரி. நான்கும் ஒரு நாள் முழுக்க ஓய்வில்லாமல் ஓடினால், சாதாரணமாக 42-இல் இருப்பது 50-ஐத் தாண்டிவிடும். ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள், அல்லது ஆடி கழியட்டும்.

நடுவில் கரண்ட் போனால்?

பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பெட்டி ரிப்பேரின் முன்னேற்றத்தை அவ்வப்போது டிஸ்கிலேயே குறித்துக்கொள்கிறது. அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பிப் பத்து வருடப் புகைப்படங்களைப் பணயம் வைக்க வேண்டாம். யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். இரண்டு விஷயம். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் சில பெட்டிகள் ரீஸ்டார்ட் ஆகிவிடும். பின்னால் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் இரண்டாவது விஷயத்துக்கு மருந்து இல்லை. பேட்டரி தீரப்போகிறது என்று இன்வெர்ட்டர் நாஸிடம் சொல்லாது. யுஎஸ்பி கம்பி உள்ள ஒரு சின்ன யுபிஎஸ் சொல்லும், நாஸ் தானாகவே ஒழுங்காக ஃபைல்களை மூடிவிட்டு அணைந்துகொள்ளும். இன்வெர்ட்டருக்குப் பின்னால் யுபிஎஸ், அதற்குப் பின்னால் நாஸ் என்று வைத்தால் தூங்கலாம்.

நடுவில் இன்னொரு டிஸ்கில் பிழை வந்தால் எல்லாம் போய்விடுமா?

டிஸ்க் முழுதாகச் செத்தால், ஆம், அந்தப் பூல் போனதுதான். பேக்கப்பிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு செக்டர் மட்டும் படிக்க முடியாமல் போனால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஒன்றிரண்டு ஃபைல் கெடலாம், சமயத்தில் ரிப்பேர் பாதியில் நிற்கலாம்.

இணையத்தில் ஒரு கணக்கு உலவும். சாதாரண டிஸ்கின் விவரத்தாளில், படிக்க முடியாத பிழை 10-இன் அடுக்கு 14 பிட்டுக்கு ஒன்று என்று இருக்கும். அது 12.5 டிபி. நம் பெட்டியில் ஒரு டிஸ்கைக் கட்ட மற்ற மூன்றிலும் படிக்க வேண்டியது 12 டிபி. ஆகவே பிழை வருவது கிட்டத்தட்ட நிச்சயம், ரெய்டு 5 செத்துவிட்டது என்று முடிப்பார்கள். அந்த எண் 'இதற்கு மேல் போகாது' என்ற வரம்பு, சராசரி அல்ல. கணக்கு உண்மையானால் மாதாமாதம் 16 டிபியையும் படிக்கும் ஸ்க்ரப்பிங் ஒவ்வொரு முறையும் பிழை காட்ட வேண்டும். காட்டுவதில்லை. பயமுறுத்தும் கணக்கை நம்ப வேண்டாம், ஆனால் டிஸ்க் ஆறேழுக்கு மேல் போனாலோ ஒவ்வொன்றும் 12 டிபிக்கு மேல் இருந்தாலோ இரண்டு டிஸ்க் தாங்கும் அமைப்புக்குப் போவதே என் வழக்கம்.

நான்கையும் மாற்றிவிட்டேன். இடம் கூடவில்லையே?

பூல் பெரிதாகியிருக்கும், வால்யூம் பெரிதாகியிருக்காது. சில பெட்டிகளில் தானாக விரியும், சிலவற்றில் வால்யூமைத் தேர்ந்து நாமே 'எக்ஸ்பாண்ட்' கொடுக்க வேண்டும். அதுவும் ஆயிற்று என்றால் பகிர்வு ஃபோல்டரின் கோட்டாவை, அதாவது அளவு வரம்பை, பாருங்கள். என்றைக்கோ 2 டிபி என்று போட்டுவைத்து மறந்திருப்பீர்கள். நாஸின் ஒரு பகுதியைக் கணினிக்குச் சொந்த டிஸ்க் போலக் காட்டும் ஐஸ்கசி வைத்திருப்பவர்களுக்கு வேலை ஒன்று கூடுதல்: லன் என்ற அந்தப் பகுதியைப் பெரிதாக்கிய பிறகு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலும் நீட்ட வேண்டும்.

32-பிட் சிப் உள்ள பழைய சின்ன மாடல்களில் ஒரு வால்யூம் 16 டிபிக்கு மேல் போகாது. எத்தனை டிஸ்க் மாற்றினாலும் போகாது, இரண்டாவது வால்யூமாகத்தான் கட்ட வேண்டும். இதை டிஸ்க் வாங்கும் முன்பே மாடலின் விவரப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

கூடுதல் ஸ்லாட் பெட்டி வாங்கலாமா?

ஐந்து ஸ்லாட் உள்ள டிஎக்ஸ்517 போன்றவை ஒற்றைக் கம்பியில் இணையும். எல்லா மாடலும் ஏற்காது. இணைத்தால் அதில் தனிப் பூல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பூலை இரண்டு பெட்டியிலும் பரப்பினால், யாராவது துடைக்கும்போது அந்தக் கம்பி கழன்றாலே பூல் உடைந்துவிடும். யுஎஸ்பி டிஸ்கை நாஸில் மாட்டுவது இடத்தைக் கூட்டாது, பக்கத்தில் ஒரு தனி இடம் தரும். பேக்கப்புக்கு அது நல்லது. டிஸ்க் ஒன்றே ஒன்று உள்ள பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் அதுவே வழி.

ட்ரூநாஸ், அன்ரெய்டு போன்ற நாஸ் இயங்குதளங்களில்?

ட்ரூநாஸ் பயன்படுத்தும் இசட்எஃப்எஸ்ஸில் பல வருடம் இருந்த பெரிய குறை, ரெய்டுஇசட் (இசட்எஃப்எஸ்ஸின் சொந்த ரெய்டு) தொகுதியில் ஒற்றை டிஸ்க் சேர்க்க முடியாது என்பது. இப்போது முடியும். ட்ரூநாஸ் ஸ்கேல் 24.10-இல் அந்த வசதி வந்தது, ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3-இல் 2025 ஜனவரியில் அதிகாரபூர்வமாக வெளியானது. ஒரு நுணுக்கம்: முன்பே எழுதிய ஃபைல்கள் பழைய பாதுகாப்பு விகிதத்திலேயே இருக்கும், திரும்ப எழுதினால்தான் முழு இடமும் கைக்கு வரும். எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத் தெரிந்தால் பதறாதீர்கள். ஒவ்வொன்றாகப் பெரிய டிஸ்க் மாற்றுவது எப்போதும் உண்டு. தொகுதியின் கடைசி டிஸ்க் மாறியபின்தான் இடம் விரியும்.

அன்ரெய்டில் எந்த அளவு டிஸ்கையும் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஒரே நிபந்தனை, பேரிட்டி (பாதுகாப்புத் தகவலுக்கென்று ஒதுக்கிய) டிஸ்கைவிடப் பெரியதாக எந்த டேட்டா டிஸ்கும் இருக்கக் கூடாது. ஆகவே முதலில் பேரிட்டியை மாற்றுங்கள்.

பிறகு சின்ன டிஸ்குக்குத் திரும்ப முடியுமா?

முடியாது. பூல் விரியும், சுருங்காது. இரண்டு 8 டிபி போட்டு விரித்த பிறகு ஒன்றை எடுத்து வேறு வேலைக்கு வைத்துக்கொள்கிறேன் என்றாலும் முடியாது, அதன் இடத்தில் இன்னொரு 8 டிபியோ பெரியதோ வர வேண்டும்.

கழற்றிய நான்கு டிஸ்கை என்ன செய்வது?

முதலில் ஒரு தவறான நம்பிக்கை. ஏதாவது ஆனால் பழைய நான்கையும் திரும்பச் செருகினால் பழைய நிலை வந்துவிடும் என்று பத்திரப்படுத்துகிறார்கள். வராது. முதல் டிஸ்கைத் திங்கட்கிழமை கழற்றினீர்கள், நான்காவதை ஞாயிற்றுக்கிழமை. நான்கிலும் நான்கு வேறு நாட்களின் நிலை இருக்கிறது, ஒன்றோடொன்று பொருந்தாது. விண்டோஸ் கணினியில் ஒன்றை மாட்டினாலும் ஃபைல் தெரியாது, 'ஃபார்மட் செய்யவா' என்றுதான் கேட்கும்.

நல்ல நிலையில் இருப்பவற்றை யுஎஸ்பி டாக்கில் மாட்டி பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். விற்பதென்றால் முழுதாக ஒரு முறை பூஜ்யம் எழுதிவிட்டு விற்கவும், விரைவு ஃபார்மட் போதாது. நான் இரண்டை விற்றேன், ஒன்றை பேக்கப்புக்கு எடுத்துக்கொண்டேன். காத்திருக்கும் செக்டர் ஏறிக்கொண்டிருந்த நான்காவதைப் பிரித்துப் பார்த்ததில் இரண்டு நல்ல காந்தம் கிடைத்தது, இப்போது ஃபிரிட்ஜ் கதவில் கேஸ் ரசீதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.